முன்வரிசையா, நடுவா? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்டம் பற்றியவை. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். அதனால் இந்த இதழ் முழுவதும் அதற்கே. மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்குப் பதினாறு வயது. பாடசாலை அணியில் தொடக்கத்தில் இருந்தே முன்வரிசையில்தான் விளையாடுகிறேன். இப்போது சேர் என்னைக் கூப்பிட்டு இனி நடுவில் விளையாடு என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். அண்ணா தன் போனில் கொஸ்டாரிக்கா நாட்டு ராக்கெல் ரொட்ரிகஸ் அடித்த ஒரு கோலைக் காட்டி, "இவவும் முன்னுக்கும் நடுவிலும் விளையாடுறவதான், நீ ஏன் அழுறாய்" என்றான். அவர் யார் அக்கா? நடுவுக்குப் போனால் கோல் அடிக்கவே முடியாதா?
— மாணவி, உவர்மலை

பதில்: தங்கச்சி, உன் அண்ணா சரியான ஆளைத்தான் காட்டியிருக்கிறார். ராக்கெல் ரொட்ரிகஸை 'ரொக்கி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். 1993 ஒக்டோபர் 28இல் கொஸ்டாரிக்காவின் தலைநகர் சான் ஹொசேயில் பிறந்தவர். அப்பா சிவியானி ரொட்ரிகஸும் அந்த நாட்டில் தொழில்முறையாகப் பந்து விளையாடியவர், ஆகவே வீட்டுக்குள் பந்து உருளுவது அவருக்குப் புதிதில்லை. ஆனால் நாடு சிறியது. பரப்பளவில் இலங்கையைவிடச் சிறியது, சனத்தொகை ஐம்பது இலட்சம்தான். ரொக்கி வளர்ந்த காலத்தில் பெண்கள் அங்கே பந்து விளையாடிச் சம்பளம் எடுத்து வாழ முடியாது. கெட்டிக்காரியாக இருந்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் வெளியே போக வேண்டும். அவர் 2012இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான் 2014 ஒக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று வந்தது. அரையிறுதியில் ட்ரினிடாட் அண்ட் டொபாகோவுடன் 1-1, பெனால்டிக்குப் போனது. கோல் கீப்பர் டினியா டியாஸ் எதிரணி அடித்த மூன்றையும் தடுத்துவிட்டார். இப்படித்தான் மத்திய அமெரிக்காவில் இருந்து பெண்கள் உலகக் கிண்ணத்துக்குப் போன முதல் நாடானது கொஸ்டாரிக்கா. (தோற்ற ட்ரினிடாட் பிள்ளைகள் பிறகு ஈக்குவடோருடன் விளையாடி, சொந்த ஊரில், ஆட்டம் முடியும் நேரத்தில் வாங்கிய ஒரு கோலால் வாய்ப்பைப் பறிகொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.)

2015 யூன் 9, மொன்ட்ரியல். கொஸ்டாரிக்காவுக்கு முதல் உலகக் கிண்ண ஆட்டம், எதிரே நின்ற ஸ்பெய்னுக்கும் அதுதான் முதல் ஆட்டம். கொஸ்டாரிக்காவின் பயிற்றுவிப்பாளர் அமேலியா வல்வேர்டேக்கு அப்போது 28 வயது. பதின்மூன்றாவது நிமிடத்தில் ஸ்பெய்னின் விக்கி லொசாடா கோல் அடிக்கிறார். முதல் தடவையாகப் பெரிய மேடைக்கு வந்த சின்ன அணி அதோடு சுருண்டு போயிருக்கலாம். பதினான்காவது நிமிடத்தில் ரொக்கி அதைத் திருப்பிக் கொடுத்தார். ஒரே நிமிடம்! ஆட்டம் 1-1 என முடிந்தது. உலகக் கிண்ண வரலாற்றில் கொஸ்டாரிக்காப் பெண்கள் அடித்த முதல் கோல் அது, அவர் பெயரில்தான் இருக்கிறது.

அதே வருடம் டிசம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான இறுதிப் போட்டி. பென் ஸ்டேட்டும் டியூக்கும். ஒரே ஒரு கோல், எழுபத்திரண்டாவது நிமிடத்தில், அடித்தவர் ரொக்கி. பென் ஸ்டேட் பெண்கள் அணி முதல் தடவையாகத் தேசியச் சாம்பியன் ஆனது. அந்தப் பருவத்தின் சிறந்த பல்கலைக்கழக வீராங்கனைக்கான மாக் ஹெர்மன் விருதும் அவருக்கே கிடைத்தது. அடுத்த மாதமே, அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் அணிகள் புது வீராங்கனைகளை முறைவைத்து எடுக்கும் தெரிவில், இரண்டாவது ஆளாக நியூ ஜேர்சியின் ஸ்கை புளூ அணி அவரை எடுத்தது. 2016இன் சிறந்த புதுமுக வீராங்கனையும் அவர்தான்.

இனி நான் சொல்லப் போவதைத்தான் நீ கவனமாக வாசிக்க வேண்டும். இவ்வளவு விருதோடு போனவர் 2018இல் எப்படி இருந்தார் தெரியுமா? ஸ்கை புளூ அந்தப் பருவத்தில் 24 ஆட்டம் விளையாடி ஒன்றில்தான் வென்றது. பதினேழில் தோல்வி, ஆறு சமநிலை. அந்த ஒரு வெற்றியும் கடைசி ஆட்டத்தில்தான் வந்தது. வாரா வாரம் தோற்றுவிட்டு, திங்கட்கிழமை எழும்பிப் பயிற்சிக்குப் போக வேண்டும். சொந்த நாட்டில் பெயரெடுத்த ஒருத்திக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பார். யாரும் அந்தப் பருவத்தின் வீடியோவைப் போனில் ஓட விடுவதில்லை. ஆனால் அவருடைய விளையாட்டு வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது அந்த வருடங்களைத்தான், ஏனென்றால் அவர் ஒதுங்கிப் போகவில்லை, 2019 வரை அதே அணியில் நின்று விளையாடினார்.

2020இல் போர்ட்லண்ட் தோர்ன்ஸ் அணிக்கு மாறினார். உன் அண்ணா காட்டிய கோல் பெரும்பாலும் அமெரிக்க லீக்கின் 2022 ஒக்டோபர் அரையிறுதியில் சான் டியேகோவுக்கு எதிராக அடித்ததாகத்தான் இருக்கும். போர்ட்லண்ட் 0-1 எனப் பின்னால் நிற்கிறது. இருபதாவது நிமிடம், கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டிக்கு வெளியே இருந்து ரொக்கி ஒரு வொலி (காற்றில் வரும் பந்தை நிலத்தில் விழவிடாமல் அடிப்பது) அடிக்கிறார், கோல் கீப்பரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் கூட்டிக் கொடுத்த நிமிடங்களில் கிறிஸ்டல் டன் இன்னொன்று அடிக்க 2-1. அடுத்த கிழமை கன்சாஸ் சிட்டியை 2-0 என வென்று சம்பியன் ஆனார்கள். இறுதிப் போட்டி நடந்தது ரொக்கியின் 29ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள். பிறகு 2024இல் லொஸ் ஏஞ்சல்ஸின் ஏஞ்சல் சிட்டி அணிக்குப் போனார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அந்த வொலியை இன்னொரு தடவை போட்டுப் பார். அடித்த இடத்தைப் பார். முன்வரிசை ஆள் வழமையாக நிற்கும் இடம் அது இல்லை. பெட்டிக்குள் ஏழெட்டுப் பேர் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது தட்டிவிட்ட பந்து வெளியே எங்கே வந்து விழும் என்று தெரிந்து அந்த இடத்தில் நிற்பவளுக்குத்தான் அப்படி ஒரு கோல் கிடைக்கும். அதுவும் நடுவில் விளையாடுகிறவளின் வேலை. முன்னுக்கு நிற்கும்போது பந்து உன்னிடம் வரும்வரை காத்திருக்கிறாய், முதுகை கோலுக்குக் காட்டிக்கொண்டு. நடுவில் நின்றால் முழு மைதானமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். முன்வரிசையில் பழகிய கால் நடுவுக்கு வரும்போது எதிரணிக்குத்தான் பயம். நாளைக்கே சேரிடம் போய் ஒன்றைக் கேள்: "சேர், எங்களுக்குக் கோணர் கிடைக்கும்போது நான் எங்கே நிற்க?" அவர் பெட்டிக்கு வெளியே ஓர் இடத்தைக் காட்டினால் உன்னை ஒதுக்கவில்லை, உன் காலை நம்புகிறார் என்று எடுத்துக்கொள். பின்னுக்கே நில் என்று சொன்னால், ஏன் என்று மரியாதையாகக் கேள். கேட்கிற உரிமை உனக்கு இருக்கிறது.

கேள்வி: 2015இல் ஸ்பெய்னும் கொஸ்டாரிக்காவும் ஒரே நாளில் உலகக் கிண்ணத்துக்குள் வந்து 1-1 விளையாடின. 2023இல் ஸ்பெய்ன் கிண்ணத்தைத் தூக்கியது. கொஸ்டாரிக்கா மூன்று ஆட்டத்திலும் தோற்றது. எட்டு வருடத்தில் இவ்வளவு தூரம் எப்படி வந்தது? பணம் மட்டுமா காரணம்?
— வாசகர், மூதூர்

பதில்: அருமையான கேள்வி. 2023இல் இரண்டும் மறுபடி முதல் ஆட்டத்திலேயே சந்தித்தன, ஸ்பெய்ன் 3-0 என வென்றது. 2015 அணிக்கும் 2023 அணிக்கும் நடுவில் ஸ்பெய்னில் நடந்தது முக்கியமாக ஒன்றுதான்: வாராவாரம் கடுமையான ஆட்டம். பார்சிலோனா தன் பெண்கள் அணியை 2015இல் தொழில்முறையாக்கியது. லீக்குக்குப் பெரிய அனுசரணை வந்தது. 2019 மார்ச்சில் மட்ரிட்டில் அத்லெட்டிக்கோவும் பார்சிலோனாவும் விளையாடியபோது பார்க்க வந்தவர்கள் 60,739 பேர். 2021இல் பார்சிலோனாப் பெண்கள் ஐரோப்பியச் சம்பியன். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒவ்வொரு கிழமையும் தன்னைவிடக் கெட்டிக்காரிக்கு எதிராக விளையாடினால் அவள் வளராமல் எப்படி இருப்பாள்?

கொஸ்டாரிக்காவில் அது உள்ளூரில் கிடைக்கவில்லை. நல்லவர்கள் ஒவ்வொருவராக வெளியே போய்த் தனித்தனியாக வளர்ந்தார்கள். ஷேர்லி க்ரூஸ் லியோன் அணியோடு 2011இலும் 2012இலும் ஐரோப்பியச் சம்பியன்ஸ் லீக்கை வென்றார். முன்வரிசை மெலிசா ஹெரேரா பிரான்ஸில் ரீம்ஸ், போர்டோ அணிகளுக்கு விளையாடினார். ஹெரேராவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொஸ்டாரிக்காவின் இரண்டு உலகக் கிண்ணங்களிலும் கோல் அடித்தவர் அவர். 2015இல் தென் கொரியாவுக்கு எதிராக, அப்போது வயது 18. பிறகு 2023இல் ஸம்பியாவுக்கு எதிராக. ஸம்பியாவுடனான ஆட்டம் 1-3 எனத் தோல்விதான், ஆனால் அந்த உலகக் கிண்ணத்தில் அவர்கள் நாடு அடித்த ஒரே கோல் அவருடையது.

பணம் மட்டுமா என்று கேட்டீர்கள். இல்லை என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பங்களாதேஷ் பெண்கள் 2022இலும் 2024இலும் தெற்காசியச் சம்பியன், இரண்டு முறையும் காட்மண்டுவில் நேபாளத்தை அதன் சொந்த மண்ணில் வைத்து வென்றார்கள். 2026 ஆசியக் கிண்ணத்துக்கும் முதல் தடவையாகத் தகுதி பெற்றார்கள். அந்த அணியின் வேரைத் தேடிப் போனால் மைமன்சிங் பக்கம் கொல்சிந்தூர் என்ற கிராமத்தின் அரசாங்க ஆரம்பப் பாடசாலையில் போய் நிற்கும். நாடு முழுவதும் ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்கு வருடா வருடம் ஒரு போட்டி வைத்தார்கள், அதில் விளையாடிய ஏழைப் பிள்ளைகள் பலர் பிறகு தேசிய அணிக்கு வந்தார்கள். இலங்கைப் பெண்கள் அணி இன்னும் ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. நம் பக்கத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தெல்லிப்பழை மகாஜனாப் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் எடுத்த பெயர் எல்லோருக்கும் தெரியும். எனக்கு உள்ள ஒரே வருத்தம், திருகோணமலையில் ஒரு பெண்பிள்ளை வருடத்துக்கு எத்தனை உண்மையான ஆட்டம் விளையாடுகிறாள் என்பதுதான். பாடசாலைப் போட்டிக் காலம் முடிந்தால் பந்தும் அலுமாரிக்குள் போய்விடுகிறது. ஏகாம்பரம் மைதானத்தில் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் பெண்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கி, கிண்ணியா, மூதூர், நிலாவெளி, நகரம் என நாலு பக்கத்து அணிகளை மாறி மாறி விளையாட விட்டால் போதும், பெரிய காசு தேவையில்லை. பஸ் காசும் குடிக்கத் தண்ணீரும் யார் பொறுப்பு என்று நாலு பேர் கூடி முடிவெடுத்தால் நடக்கும்.

கேள்வி: மத்திய அமெரிக்கா என்றால் கொஸ்டாரிக்கா மட்டும்தானா? வேறு எந்த நாடும் பெண்கள் உலகக் கிண்ணத்துக்குப் போகவில்லையா?
— வாசகி, கிண்ணியா

பதில்: பனாமா போனது, 2023இல். அதுவும் கடைசிக் கதவால். நியூசிலாந்தின் ஹமில்டனில் நடந்த தகுதிச் சுற்றில் பப்புவா நியூ கினியை வென்று, பிறகு பரகுவேயுடன் கோல் இல்லாமல் இழுபட்டுக்கொண்டிருந்த ஆட்டத்தில் முன்வரிசை லினெத் செடேனோ அடித்த ஒரே கோலால் உள்ளே நுழைந்தார்கள்.

உலகக் கிண்ணத்தில் மூன்றிலும் தோல்வி. ஆனால் பிரான்ஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தின் தொடக்கத்தைத் தேடிப் பாருங்கள். இரண்டாவது நிமிடம், வெகு தூரத்தில் ஒரு ஃப்ரீ கிக், மார்த்தா கொக்ஸ் அடித்த பந்து வளைந்து போய் மேல் மூலைக்குள் விழுகிறது. பனாமாவின் முதல் உலகக் கிண்ண கோல். முழு அணியும் ஓடிப்போய் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடிக்கிறார்கள். ஆட்டம் 6-3 என முடிந்தது, தோற்றுத்தான் போனார்கள். என்றாலும் பிரான்ஸின் வலைக்குள் மூன்று கோல் போடுவது சின்ன விஷயம் இல்லை, அந்த மூன்றாவது கோலை அடித்ததும் அதே செடேனோதான்.

கேள்வி: அக்கா, வொலி அடிக்கத் தனியாகப் பழகலாமா? நான் அடித்தால் எல்லாம் மேலே போய்விடுகிறது.
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, நிலாவெளி

பதில்: பழகலாம். மேலே போவதற்கு அநேகமாக ஒரே காரணம்தான்: அடிக்கும்போது பின்னால் சாய்கிறாய். நெஞ்சை முன்னால் கொண்டு வா, முழங்கால் பந்துக்கு மேலே இருக்கட்டும், கணுக்காலை இறுக்கி, பாதத்தை நீட்டி, சப்பாத்துக் கயிறு இருக்கும் பக்கத்தால் அடி. பலமாக அடிக்கத் தேவையில்லை, வந்த வேகம் பந்திலேயே இருக்கிறது. அடிக்கும்வரை கண் பந்தில் இருக்கட்டும், கோல் எங்கேயும் ஓடிப் போகாது.

முதலில் கையால் பந்தைக் கீழே விட்டு, ஒரு மதிலைப் பார்த்து, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் மெதுவாக அடி. அது கைவந்த பிறகு மேலே எறிந்து அடி. கடற்கரை மணலில் பழகினால் விழுந்தாலும் காயம் வராது, ஆனால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேரத்தில் போகாதே, பந்து காற்றோடு இழுபட்டு உனக்குச் சரியான நேரம் பிடிபடாது. விடியக்காலையில் காற்று எழும்புவதற்கு முன் போ, வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு. இடக் காலையும் மறக்காதே.

கேள்வி: வணக்கம். என் மகளுக்கு எந்த நேரமும் பந்துதான். ஓ.எல். பரீட்சை வருகிறது. கேட்டால், வெளிநாட்டில் பந்து விளையாடினால் பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்கிறாள். இது உண்மையா? போன மாதம் ஒருவர் பணம் கட்டினால் அமெரிக்காவில் இடம் எடுத்துத் தருவதாகப் போன் எடுத்தார். என்ன செய்ய?
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, பிள்ளை சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். மேலே சொன்ன ராக்கெல் ரொட்ரிகஸ் போன வழி அதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் முழுப் பணம் கிடைப்பதில்லை. முதல்தரப் பிரிவில் ஒரு பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு நீண்ட காலமாக இருந்த அளவு 14 முழுப் புலமைப்பரிசில்கள். அணியில் இருபத்தைந்து, முப்பது பேர் இருப்பார்கள், அந்தப் பதினான்கையும் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் பயிற்றுவிப்பாளர்கள் கொடுத்தார்கள். அண்மையில் விதிகள் மாறியிருக்கின்றன, என்றாலும் பலருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மிச்சத்தை யார் கட்டுவது என்ற கேள்வியை ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும்.

இன்னொன்று, இதை மகளையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்: படிப்பு இல்லாமல் இந்த வழியே இல்லை. எவ்வளவு நன்றாக விளையாடினாலும் பாடசாலைப் பெறுபேறுகளைப் பார்த்துத் தகுதி இருக்கிறது என்று சொன்னால்தான் அணியில் சேர்ப்பார்கள். உள்ளே போன பிறகும் புள்ளிகள் குறைந்தால் விளையாட விடமாட்டார்கள். அதோடு ஆங்கிலமும் வேண்டும். ஆகவே பந்தா ஓ.எல்.லா என்று வீட்டில் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அவளுடைய ஆசைக்கு ஓ.எல். பெறுபேறு கட்டாயம் தேவை என்று எடுத்துச் சொல்லுங்கள். பரீட்சைக்கு முந்திய மாதங்களில் பயிற்சியைக் கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைக்கலாம், முழுதாக நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் பிள்ளை புத்தகத்துக்கு முன்னால் இருப்பாள், மனம் மைதானத்தில் இருக்கும்.

போன் எடுத்தவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உங்கள் மகள் விளையாடியதை ஒரு நாளும் பார்க்காத ஒருவர் அவளுக்கு எப்படி இடம் எடுத்துத் தருவார்? பயிற்றுவிப்பாளர்களுக்குப் பிள்ளையே நேராக மின்னஞ்சல் எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அவர்கள் கேட்பது ஆட்ட வீடியோ. இப்போதிருந்தே யாராவது மக்கெய்சர் மைதானப் படிக்கட்டில் உயரமான இடத்தில் நின்று, அவள் பந்து இல்லாதபோது எங்கே ஓடுகிறாள் என்பதும் தெரிகிற மாதிரி, முழு ஆட்டத்தையும் போனில் எடுத்து வையுங்கள். கோல் அடித்த துண்டுகளை மட்டும் வெட்டி வைத்தால் போதாது. ஒவ்வொரு வீடியோவிலும் திகதி, எதிரணி, அவளுடைய இலக்கம் மூன்றையும் எழுதி வையுங்கள். ஏ.எல். முடிகிற நேரம் அனுப்புவதற்கு நல்ல ஆட்டங்கள் கையில் இருக்கும்.